தண்ணீர் ஊற்றாத மூன்று வாரம்

மாதம் பிறந்ததிலிருந்து நான் அதைப் பார்க்கவே இல்லை.
முறுக்கு மாவு, திரைச்சீலை,
தேக்கா இறைச்சிக்கடையில் கால் கடுத்த வரிசை,
நடைவழியில் இடம் விடச் சொல்லி
நகர மன்றம் ஒட்டிவிட்டுப் போன தாள்.
இதற்கெல்லாம் நடுவில்
தொட்டியில் ஒரு செடி இருப்பதே
மறந்துபோயிற்று.

இன்று காலை குப்பை போடக் கதவைத் திறந்தால்
காகிதப்பூ,
இலையெல்லாம் கொட்டிவிட்டு
குச்சிக்குக் குச்சி கருஞ்சிவப்பாய் நிற்கிறது.

ஐப்பசி மழை எதிர் புளோக்கை நனைத்துக்கொண்டிருந்தது.
எங்கள் பத்தாவது மாடி நடைவழிக்குள் சாரல் எட்டாது.
கீழே சமூகத் தோட்டத்தில்
சங்குப்பூ தலை கவிழ்ந்து சொட்டுகிறது,
வேலியோரத்துக் காகிதப்பூக்களோ
குடித்துக் குடித்து
வெறும் பச்சையாய்க் கொழுத்துக் கிடக்கின்றன.
தாகத்தில் பூத்தது இது மட்டும்தான்.

இந்த ஊருக்கு இலையுதிர்காலம் கிடையாது.
டுரியான் மாதம், புகைமூட்ட மாதம்,
ஏர்கான் கழுவ ஆள் வரும் மாதம்,
குடையை மறக்கக் கூடாத மாதம்.
ஈசூனில் பருவங்கள் அவ்வளவே.

நாளை எத்தனை பேர்?
ஞானசேகர் பக்கம் ஐந்து.
முகாமிலிருந்து வரும் ரூபன் ஒருவன்,
தட்டுக் கணக்கில் மூன்று.
அப்புறம் அக்கா.
விரல் பாதி மடங்கி நின்றுவிட்டது.

மூன்று தீபாவளி ஆயிற்று.
மருத்துவமனை லிஃப்டில்
ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் இடையில்
நான் சொன்ன ஒரு சொல்.
கதவு திறந்தது, இறங்கிப் போனாள்.
அது அவள் இறங்கவேண்டிய மாடி இல்லை.

நேற்று இரவு கைப்பேசியில்,
"இட்லியா தோசையா?"
வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை.
"இட்லி" என்று அடித்தேன், அழித்தேன்.
"ரெண்டும்" என்று அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி விழுந்தது.
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

எனவே இன்று அரிசி கூடுதலாய் இரண்டு டம்ளர்.
கிரைண்டர் பத்து மணிக்குள் நின்றாக வேண்டும்,
கீழ்வீட்டில் கைக்குழந்தை.
தயிரும் சோம்பும் பூசிக்கொண்டு
ஆட்டிறைச்சி குளிர்பெட்டியில் ஊறுகிறது.
ரூபனின் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஞானசேகர் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரிக்கிறார்.
நான் கண்ணாடி இல்லாமலே உரித்தேன்.
கண்ணுக்கு ஒரு காரணம் தேவையாக இருந்தது.

விடியலில் எண்ணெய்க் குளியல்.
ஏழரைக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது.
புதுச்சேலையில் விலைச்சீட்டு தொங்க
நான் சட்னி தாளிக்கிறேன்,
லிஃப்ட் கதவின் ஒவ்வொரு ஓசைக்கும்
கரண்டி ஒரு நொடி நிற்கிறது.

அக்கா வந்தாள்.
வாசலில் நின்றாள்.
முடி முழுக்க நரைத்திருந்தது, யாரும் எனக்குச் சொல்லவில்லை.
கையில் பழைய ஐஸ்கிரீம் டப்பா நிறைய அதிரசம்.
என்னைப் பார்க்கவில்லை,
தொட்டியைத்தான் பார்த்தாள்.

"மண்ணு வெடிச்சுக் கெடக்கு.
யாரு பாக்குறது இத?"

பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் திருகினாள்.

ஊற்றினால்
நாலே நாளில் பூவெல்லாம் உதிரும்,
மறுபடி இலைதான் வரும்.
தெரியும் எனக்கு.
"ஊத்துக்கா" என்றேன்.

முழுப் போத்தலையும் ஊற்றினாள்.
தொட்டி குடித்தது போக மிச்சம்
அடியில் கசிந்து,
அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டு
வாசல் கோலத்துக்குள் நுழைந்தது.

கடையில் வாங்கிய ஒட்டுக் கோலம்.
அழியவில்லை.